கடலுக்கு இரும்பு ஊட்டுவது யார்?

வணக்கம் நேயர்களே.

கடலில் செடி எங்கே நன்றாக வளரும் என்று கேட்டால், உரம் எங்கே அதிகமோ அங்கே என்றுதான் யாரும் சொல்வார்கள். இங்கே செடி என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளை. பைட்டோபிளாங்க்டன் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், நான் நுண்பாசி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. மீன், இறால், திமிங்கிலம் எல்லாம் கடைசியில் இவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென்பெருங்கடல் பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும். அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேல்நீரிலேயே தாராளமாகக் கிடக்கின்றன. கோடையில் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இருந்தும் பெரும்பகுதி நீர் தெளிந்து நீலமாகக் கிடக்கிறது. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும், அலாஸ்காவுக்குத் தெற்கே வட பசிபிக்கிலும் இதே கதைதான். சாப்பாடு பரிமாறியாகிவிட்டது, ஆனால் யாரும் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டு ஐம்பது, அறுபது ஆண்டுகள் கடலியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

விடை இரும்பு. அதுவும் ரொம்பக் கொஞ்சம் இரும்பு.

கேட்கும்போதே வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? பூமியின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரும்பு. காலடி மண்ணில் இரும்பு, செங்கல்லில் இரும்பு. ஆனால் கடல்நீரில் இல்லை. காரணம் ஆக்சிஜன். ஆக்சிஜன் கலந்த நீரில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகித் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆக்சிஜன் இல்லாத ஆதி காலத்துக் கடலில் இரும்பு சர்வசாதாரணமாகக் கரைந்து கிடந்தது, உயிர்கள் அந்தக் கடலில் பிறந்து அந்த இரும்பை நம்பியே தங்கள் உள்வேலைகளை அமைத்துக்கொண்டன. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியே விட, கடலின் இரும்பு பட்டை பட்டையாக அடியில் படிந்து பாறையானது. சேலத்துக்காரர்கள் கஞ்சமலையைப் பார்த்திருப்பீர்கள், காந்தம் ஒட்டும் அந்த இரும்புக் கல் அப்படி ஒரு பழைய கடலடியில் படிந்து, பின்னால் பூமிக்குள் வெந்து உருமாறியதுதான். அதாவது பாசிகளின் முன்னோர்களே தங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் துருப்பிடிக்க வைத்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் இன்றுவரை பட்டினி.

எவ்வளவு பட்டினி என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கன கிலோமீட்டர் கடல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், ஆழம். அதன் எடை 100 கோடி டன்னுக்கும் மேல். தென்பெருங்கடலின் மேல்நீர் அவ்வளவில் கரைந்திருக்கும் இரும்பை எல்லாம் திரட்டினால் பல இடங்களில் ஐந்தாறு கிலோ தேறும். வீட்டுச் சமையலறையில் கிடக்கும் தோசைக்கல், வாணலி, அரிவாள்மனை எல்லாம் சேர்த்தால் அதைவிடக் கூட வரும்.

பாசிக்கு இரும்பு எதற்கு? ஒளிச்சேர்க்கையில் ஒளியின் சக்தியை எலக்ட்ரான் மூலமாகக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோகும் ஒரு சங்கிலி இருக்கிறது, அந்தச் சங்கிலியின் கண்ணிகளில் இருபதுக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பச்சையத்தில் இரும்பு கிடையாது, அதன் நடுவில் இருப்பது மக்னீசியம், ஆனால் பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும். நைட்ரேட்டைச் செரிக்கவும் இரும்பு வேண்டும். நிலக்கடலை போடும் விவசாயிகளுக்கு இது தெரிந்த விஷயம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் கடலைச் செடியின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் வெளுத்துவிடும், உடனே அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்குக் கிடைக்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். கடலின் சங்கதியும் அச்சு அசலாக இதேதான். அன்னபேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கப்பலிலும் வரப்போகிறது.

சில நுண்பாசிகள் இந்தப் பஞ்சத்துக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. பெரடாக்சின் என்று இரும்புள்ள ஒரு புரதம், இரும்பு கிடைக்காதபோது அதைக் கழற்றிவிட்டு, இரும்பே இல்லாத பிளேவோடாக்சின் என்ற இன்னொன்றை அந்த இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. கடல்நீரை வடிகட்டி எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்த்தாலே அந்த இடத்துப் பாசி பசியில் இருக்கிறதா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இரும்புதான் காரணமோ என்ற சந்தேகம் 1930களிலேயே எழுந்துவிட்டது. நார்வேயின் கிரான், இங்கிலாந்தின் ஹார்ட் இரண்டு பேரும் எழுதினார்கள். அண்டார்டிகப் பக்கம் தீவுகளையும் கரையையும் ஒட்டிப் பாசி செழிக்கிறது, நடுக்கடலில் இல்லை, நிலத்திலிருந்து ஏதோ வருகிறது, இரும்பாக இருக்கலாம் என்று. ஆனால் நிரூபிக்க வழியில்லை. கப்பலே இரும்பு, தண்ணீர் மொள்ளும் பாத்திரத்தை இறக்கும் கம்பி இரும்பு, ஆய்வுக்கூடத்துக் காற்றில் பறக்கும் தூசியில் இரும்பு. அளந்தவர்கள் அளந்தது கடலின் இரும்பை அல்ல, தங்கள் கப்பலின் துருவை. அதனால் பல பத்தாண்டுகள் இரும்புக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் பதிவேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

இதை மாற்றியவர் கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தில் இருந்த ஜான் மார்ட்டின். இளம் வயதில் போலியோ வந்து நடக்கச் சிரமப்பட்டவர், வாய்த்துடுக்கும் கொஞ்சம் உண்டு. அவரும் அவர் குழுவும் செய்த முதல் வேலை சுத்தம். பிளாஸ்டிக் புட்டிகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவி, மறுபடியும் கழுவி, கம்பிக்குப் பதில் இரும்பில்லாத கயிற்றில் கட்டி இறக்கி, வடிகட்டிய காற்று வீசும் அறைக்குள் கையுறையும் தலைக்கவசத் துணியும் போட்டுக்கொண்டு திறந்து பார்த்தார்கள். மற்றவர்கள் அளந்ததில் மிகச் சிறிய பங்குதான் இருந்தது. பிறகு வட பசிபிக் நீரை எடுத்துச் சில புட்டிகளில் துளி இரும்பு சேர்த்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். இரும்பு போட்ட புட்டியில் பாசி மளமளவென்று வளர்ந்தது. 1988இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பெரிய கண்டுபிடிப்பு அந்தப் புட்டி கழுவியதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்தது.

அதே 1988இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் ஒரு கூட்டத்தில் மார்ட்டின் பாதி விளையாட்டாக ஒன்றைச் சொல்லிவைத்தார். அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், உங்களுக்கு ஒரு பனியுகம் தருகிறேன் என்று. பின்னணி என்னவென்றால், அண்டார்டிகாவில் வஸ்தோக் என்ற இடத்தில் தோண்டி எடுத்த பனியில், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்த பனியுகக் காலங்களில் எல்லாம் தூசி அதிகமாக இருக்கிறது. வறண்ட நிலம், பலத்த காற்று, தென் அமெரிக்காவின் பட்டகோனியாப் புழுதி தென்பெருங்கடலில் விழுகிறது, பாசி வளர்கிறது, வளரும்போது காற்றின் கார்பனை இழுத்துக்கொண்டு செத்து அடியில் போகிறது. இது பனியுகத்தின் மொத்தக் காரணம் இல்லை, ஒரு பகுதிக் காரணம் என்றுதான் இன்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த டேங்கர் வாக்கியம் ஊரெல்லாம் பரவிவிட்டது.

மார்ட்டின் இயற்கையில் ஓர் உதாரணமும் காட்டினார். கலாபகோஸ் தீவுகள். நிலநடுக்கோட்டை ஒட்டி, நீருக்கு அடியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு நீரோட்டம் அந்த எரிமலைத் தீவுகளின் அடிமேடையில் முட்டி, அங்கிருக்கும் இரும்பையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. தீவுகளுக்கு மேற்குப் பக்கம் பச்சைக் குழம்பு மாதிரி பாசி நீண்டு கிடப்பதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம். அந்தப் பக்கத்தில்தான் 1993 அக்டோபரில் அவருடைய சகாக்கள் ஏறத்தாழ 64 சதுர கிலோமீட்டர் கடலில் அரை டன்னுக்கும் குறைவான இரும்பை, நம்முடைய அதே அன்னபேதியாக, கரைத்து ஊற்றிச் சோதித்தார்கள். பாசி கூடியது. 1995இல் மறுபடி செய்தபோது கடல் கண்ணுக்கே பச்சையாகத் தெரிந்தது. மார்ட்டின் பார்க்கவில்லை, முதல் சோதனைக்குச் சில மாதம் முன்பே, ஜூனில், புற்றுநோயில் போய்விட்டார்.

சரி, இயற்கையில் கடலுக்கு இரும்பு யார் கொடுக்கிறார்கள்? சகாராவும் கோபியும் பட்டகோனியாவும் அனுப்பும் பாலைவனப் புழுதி எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அதில் இரும்பு இருப்பது நிஜம், ஆனால் கரைவது மிகச் சிறு பங்கு, மீதி மண்ணாகவே அடியில் போய்விடும். புகையில் வரும் இரும்பு அதைவிட நன்றாகக் கரையும். ஆஸ்திரேலியாவில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் காடு பற்றி எரிந்ததே, அந்தப் புகை கிழக்கே போய்த் தென்பெருங்கடலில் விழுந்த இடத்தில் ஆஸ்திரேலியாவை விடப் பெரிய பரப்பில் பாசி பெருகியது. 2008 ஆகஸ்டில் அலூஷியன் தீவுகளில் கசடோச்சி எரிமலை சாம்பலைக் கக்கியபோது வட பசிபிக் இப்படித்தான் பச்சையானது. பனிமலைகள் உடைந்து மிதக்கும்போது அவை தரையில் உரசி அள்ளி வந்த பாறை மாவு கரைந்து வழியெல்லாம் இரும்பு விட்டுப்போகிறது, மிகப் பெரிய பனிமலை என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குப் பாசி கூடுகிறது. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வரும் இரும்பு அங்கேயே துருவாகி விழுந்துவிடும் என்று முன்பு நினைத்தார்கள். 2015இல் வந்த அளவீடு தென் பசிபிக்கில் அது 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போவதைக் காட்டியது. கடல்நீரில் இருக்கும் கரிமப் பொருட்கள் சில இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவாகாமல் காப்பதுதான் காரணம். பாக்டீரியாக்கள் இப்படிப் பிடித்துவைப்பதற்கென்றே தனி மூலக்கூறுகளைத் தயாரித்து நீரில் விடுகின்றன.

இதில் நான் கொஞ்சம் நின்று பேச நினைப்பது கெர்கலென் தீவுகளைப் பற்றி. நம் இந்தியப் பெருங்கடலின் தெற்கில், 49 டிகிரி தெற்கில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுக்கூட்டம். நிரந்தரக் குடிகள் கிடையாது, ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்கள், பெங்குவின்கள், யானை சீல்கள், அப்புறம் நாள் முழுக்கக் காற்று. தீவுகளைச் சுற்றிக் கடலடி மேடு ஒன்று பல நூறு கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது, சுற்றிலும் பல ஆயிரம் மீட்டர் ஆழம், மேட்டின் மேல் ஐந்நூறு மீட்டர் அளவுதான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வாக்கில், அங்கே வசந்தம், அந்த மேட்டின் மேல் பச்சையம் பெருகி பிப்ரவரியில் அடங்கும்.

2005 தொடக்கத்தில் ஸ்டெபான் பிளேன் தலைமையில் ஒரு பிரெஞ்சுக் குழு மரியோன் டுஃப்ரேன் என்ற கப்பலில் போய் அளந்தது. மேட்டின் மேல் பாசி கொழிக்கும் இடத்திலும், வெளியே பாசி இல்லாத இடத்திலும் மேல்நீரை எடுத்தார்கள். இரண்டிலும் இரும்பு ஒரே அளவு! கன கிலோமீட்டருக்கு ஐந்து கிலோ, அதே பஞ்சக் கணக்கு. முதலில் பார்க்கிறவர் இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூட்டை கட்டியிருப்பார். அவர்கள் கீழே போய் அளந்தார்கள். மேட்டின் மேல் ஆழம் போகப் போக இரும்பு ஏறுகிறது, வெளியே அப்படி ஏறவில்லை. மேட்டில் மோதும் ஓதங்கள் நீருக்குள்ளேயே அலை எழுப்பி, கீழ்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கிளறிவிடுகின்றன. மேலே வந்த இரும்பைப் பாசி வந்த கையோடு எடுத்துக்கொள்கிறது, அதனால் நீரில் மிச்சம் தெரிவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்பது பெரிதில்லை, எவ்வளவு வேகமாக வந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் பெரிது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்து ஒருவர் சம்பளத்தைக் கணக்குப் போட முடியுமா? அந்த மாதிரி.

இன்னொன்றும் கண்டார்கள். அதே கீழ்நீரோடு நைட்ரேட்டும் சிலிக்காவும் சேர்ந்தே மேலே வருகின்றன, ஆகவே பாசிக்கு ஒன்று கிடைத்து ஒன்று கிடைக்காத நிலை சீக்கிரம் வருவதில்லை. வந்துசேர்ந்த ஒவ்வொரு துளி இரும்புக்கும் ஆழத்துக்குப் போன கார்பன், கப்பலில் கொட்டிய சோதனைகளில் கிடைத்ததைவிடப் பத்து மடங்காவது அதிகம். 2007இல் இதை வெளியிட்டார்கள். பின்னால் 2011இல் மறுபடி போனபோது படம் இன்னும் சிக்கலாகிவிட்டது. எங்கெல்லாம் பாசி அதிகமோ அங்கெல்லாம் கார்பன் அடியில் போகிறது என்று சொல்ல முடியவில்லை. பாதி வழியிலேயே சிறு விலங்குகளும் பாக்டீரியாவும் தின்று மூச்சாக விட்டுவிடுகின்றன. டயாட்டம் என்பவை கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசிகள், அவற்றில் கீட்டோசெரஸ் போன்ற சில ஓடு தடித்த உறக்க வித்துகளாக மாறி மூழ்கும்போதுதான் கணிசமாகக் கீழே போகிறது. எந்த இனம் வளர்கிறது என்பதும் இரும்பு அளவுக்கே முக்கியம் என்று ஆனது.

டேங்கர் ஆசைக்கு இதுதான் பதில் என்று நான் நினைக்கிறேன். 2009 ஜனவரியில் கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையைச் செய்தன. தலைமை நம் நாட்டு வஜீ நக்வி, ஜெர்மனி பக்கம் விக்டர் ஸ்மெட்டாச்செக். போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப் டவுனிலிருந்து கிளம்பி, தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலுக்குள் 300 சதுர கிலோமீட்டரில் டன் கணக்கில் அன்னபேதியைக் கரைத்துவிட்டது. கிளம்பும்போதே சுற்றுச்சூழல் அமைப்புகள் கொடி பிடித்தன, ஜெர்மனியிலேயே இரண்டு அமைச்சகங்கள் முட்டிக்கொண்டன, நடுவில் நிறுத்தச் சொல்லி அப்புறம் அனுமதி கொடுத்தார்கள். பாசி முதலில் வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா தீர்ந்துபோயிருந்தது, ஓடு கட்டும் டயாட்டங்களால் வளர முடியவில்லை, வளர்ந்த மெல்லிய பாசிகளைக் கோப்பிபாட் என்ற பூச்சி மாதிரி மிதவை விலங்குகள் மேய்ந்துவிட்டன, அவற்றை ஆம்பிபாட் என்ற வேறு மிதவை விலங்குகள் தின்றன. அடியில் போன கார்பன் சொல்லும்படியாக இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அதே ஸ்மெட்டாச்செக் குழு 2004இல் செய்த ஐஃபெக்ஸ் சோதனையில் சிலிக்கா இருந்தது, டயாட்டம் வளர்ந்தது, வளர்ந்ததில் பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கியது. ஆக இது நடக்கவே நடக்காது என்றில்லை, இடம் பார்த்து, காலம் பார்த்து, கூட என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான். இதையெல்லாம் பாராமல் ஒரு கப்பல் இரும்பைக் கொட்டி இத்தனை டன் கார்பன் பிடித்தோம் என்று சீட்டு எழுதி விற்க நினைத்த ஆட்களும் இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை.

திமிங்கிலத்தைச் சொல்லாமல் போனால் குறை. பாசியைக் கிரில் என்ற இறால் மாதிரிக் குட்டி உயிரி தின்கிறது, கிரிலைத் திமிங்கிலம் தின்கிறது, தின்றதைச் செரித்து மேல்நீரில் செந்நிறக் குழம்பாகக் கழிக்கிறது. அந்தக் கழிவில் இரும்பு, சுற்றியிருக்கும் அண்டார்டிக நீரைப்போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. திமிங்கிலம் புதிதாக இரும்பு எதையும் கொண்டுவரவில்லை, இருப்பதைக் கீழே விழவிடாமல் மேலேயே சுழற்றுகிறது. இருபதாம் நூற்றாண்டில் தென்கோளத்தில் மட்டும் ஏறக்குறைய இருபது லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள், அண்டார்டிக நீலத்திமிங்கிலம் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தது சில நூறாகச் சுருங்கியது. தின்ன ஆளில்லை, இனிக் கிரில் பெருகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை. இரும்புச் சுழற்சி அறுந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இப்போது பலரும் சொல்லும் கருத்து. முழுதாக நிரூபணம் ஆனதில்லை, கடல் சூடாவது, பனி குறைவது எல்லாம் கூட உள்ளே வருகிறது.

கடைசியாக நம் பக்கத்து அரபிக்கடல். தென்மேற்குப் பருவக்காற்று ஓமன் கரையில் கீழ்நீரை மேலே இழுக்கிறது, அதில் நைட்ரேட் நிறைய வருகிறது. ஆனால் பருவத்தின் கடைசிப் பகுதியில் நைட்ரேட் மிச்சமிருந்தும் பாசி எதிர்பார்த்த அளவு வளரவில்லை, இரும்பு போதவில்லை என்று நக்வியும் அவர் சகாக்களும் 2010இல் எழுதினார்கள். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் பாலைவனம், தலைக்கு மேலேயே புழுதி பறக்கிறது. மேலே வரும் நைட்ரேட் அவ்வளவு அதிகம், புழுதியில் கரையும் இரும்பு ஈடுகொடுக்க முடியவில்லை.

கணினியோ கைபேசியோ வைத்திருப்பவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் பச்சைய அளவைக் காட்டும் அடுக்கு இருக்கிறது, காசு கிடையாது. தேதியை நவம்பர், டிசம்பருக்குத் திருப்பி 49 தெற்கு, 70 கிழக்குக்குப் போங்கள். அந்தப் பக்கம் எப்போதும் மேகம், ஒரே நாள் படத்தில் ஒன்றும் தெரியாது, நாள் நாளாகத் தள்ளிப் பாருங்கள், மேகம் விலகின இடைவெளியில் மேடும் அதன் கிழக்கே நீளும் பச்சை வாலும் அகப்படும்.

நன்றி, வணக்கம்.